பம்பு வீட்டு லைன்

எங்கள் இறால் பண்ணையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொன்னால் மதுரங்குளிச் சந்தியில் சிரிப்பார்கள். இறால் என்ன சோதனை எழுதப் போகிறதா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதினேழு வருடமாக அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கடல்நீர் ஏறி நிற்கிற களப்பு ஓரமாகப் பன்னிரண்டு குளங்கள், அவற்றுக்கு நடுவில் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. அந்த அறைக்குள் யுனிக்ஸ் மெஷின் ஒன்றும் நானும் இருக்கிறோம்.

மெஷினுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குளத்துக் கரையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன் என்று அது நிமிஷத்துக்கு ஒருதடவை சொல்லும். அதே பெட்டியில் ஒரு பொத்தானும் உண்டு. குளத்தைப் பார்க்கிற ஆள் பகலில் நாலு தடவை சுற்றி வந்து, இறால் தீனி தின்றிருக்கிறதா என்று தீன் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அமத்த வேண்டும். அமத்தினால் இன்ன குளம், இன்ன ஆள் என்று ஒரு வரி கம்பி வழியாக என் அறைக்கு வரும். மெஷின் அதை நேரத்தோடு எழுதி வைக்கும். இந்தக் கம்பிகளெல்லாம் வந்து சேருகிற இடம்தான் சீரியல் போர்ட். எழுத்துகள் அதற்குள் ஒவ்வொன்றாக, முண்டியடிக்காமல் வரும். பழைய காலத்து ஏற்பாடு என்றாலும் உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும்.

வீட்டிலும் நான் தனி ஆள்தான். மகளின் பிரசவம் பார்க்கக் கட்டாருக்குப் போன என் மனைவி மூன்றாவது பேரப்பிள்ளைக்கும் அங்கேயே நிற்கிறாள். கேட்டால் அடுத்த மாதம் என்கிறாள். எந்த வருடத்து அடுத்த மாதம் என்று நான் கேட்பதில்லை.

பேச்சுத் துணை என்று எனக்கு இருந்தது ஒரே ஒருவன்தான். களப்பிலிருந்து தண்ணீர் எடுக்கிற பம்பு வீட்டில் அவன் வேலை. என் அறையிலிருந்து குளங்களுக்கு இடையிலான அணைக்கட்டு வழியாக நடந்தால் பத்து நிமிஷம். தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பம். வரும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுடைய அறையில் ஒரு டெர்மினல் வைத்திருந்தோம். திரையும் விசைப்பலகையும் மட்டும்தான் அதில் உண்டு, மூளையெல்லாம் என் பக்கத்து மெஷினில். பம்பை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று எழுதிக்கொள்ளத்தான் அது வைத்தது. நாங்கள் அதில் எழுதாத கதை இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். காலையில் அவன்தான் ஸலாம் சொல்லித் தொடங்குவான். புத்தளத்து ஆட்கள் தங்களை அகதி என்றே கூப்பிட்டதை வைத்து என்னோடு சண்டை பிடிப்பான். நான் கூப்பிட்டேனா என்று கேட்பேன். உங்கட வாப்பா கூப்பிட்டார் என்பான். அது உண்மை என்பதால் பேச்சைப் பம்புக்கு மாற்றிவிடுவேன். எழுத்துகள் ஆடி அசைந்து வருகின்றன என்று ஒருநாள் குறைப்பட்டான். அவனுக்காகவே அந்த லைனின் வேகத்தைக் கூட்டிவைத்தேன்.

பிறகு ஒருநாள் ஊருக்கே திரும்பிப் போகப் போவதாக எழுதினான். காடு மண்டிக் கிடந்த வாப்பாவின் காணியைத் துப்புரவாக்கிவிட்டார்களாம். முப்பது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவன். கேட்டுக் கேட்டு நான் அதை ஒரு பேச்சாக மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். சாமானை லொறியில் ஏற்றின அன்று என்னை வரச் சொன்னான். மெஷினில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு வேலையும் கிடக்கவில்லை. அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிடிவாதத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதன்பின் பம்பு தானாகவே ஓடி நிற்கும்படி செய்தார்கள். டெர்மினலைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். கம்பியின் முனையைப் பம்பு வீட்டுச் சுவரில் அப்படியே தொங்க விட்டார்கள். மெஷினில் நான் செய்யவேண்டியிருந்தது ஒரு சின்ன வேலை. எந்த லைனில் ஆள் வருவார் என்று எழுதியிருக்கிற பட்டியலில் பம்பு வீட்டு வரிக்கு நேரே ‘ஒன்’ என்று இருக்கும். அதை ‘ஓஃப்’ ஆக்கி லைனை மூட வேண்டும். அரை நிமிஷ வேலை. இரண்டு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து, இரண்டு தடவையும் ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டேன். முதல் மாதம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி கதைத்தோம். அவன் வீடு கட்டத் தொடங்கியபின் அதுவும் குறைந்துபோனது.

நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் கம்பிகள் செருகுகிற கார்டு எரிந்துபோனது. புதிது வாங்க வழியில்லை, இறக்குமதி நின்றிருந்தது. புத்தளத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற ஒருவரின் குப்பையைக் கிளறி இரண்டு பழைய கார்டுகளை எடுத்து வந்து போட்டேன். வேலை செய்தன. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

எரிந்த கார்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மீன்காரர் ஒரு கூடை மீனையும் ஒன்றாகக் கொண்டுவந்து கதவைத் தட்டினால் நாம் ஒருதடவை எழும்பினால் போதும். ஒவ்வொரு சூடை மீனுக்கும் ஒருதடவை தட்டினால் வீட்டில் வேறு வேலை நடக்காது. குப்பையிலிருந்து எடுத்த கார்டு இந்த இரண்டாவது மீன்காரர்தான். அதன் கையில் ஒரு எழுத்துக்குத்தான் இடம். எழுத்து வந்தவுடன் மெஷின் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதை வாங்க வேண்டும். வாங்குகிற வேலையைச் செய்கிற நிரலுக்கு டிரைவர் என்று பேர். டிரைவர் வரச் சுணங்கினால் அடுத்த எழுத்து வந்து முதல் எழுத்தின் மேல் விழும். முதல் எழுத்து போனது போனதுதான்.

யுனிக்ஸ் மெஷினில் மூன்று இலக்கங்கள் உண்டு. கடைசி ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் மெஷினுக்கு எவ்வளவு சுமை இருந்தது என்று அவை சொல்லும். எங்களுடையது எப்போதும் ஒன்றுக்குக் கீழேதான் கிடக்கும். பழைய கார்டு போட்டபின் அது நாலிலும் ஐந்திலும் நின்றது. பார்த்தேன். கார்டுக்கு வயசாகிவிட்டது, எனக்கும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கையில்தான் ஏழாம் குளத்து இறால் செத்தது. வெள்ளைப்புள்ளி நோய். காலையில் கரையோரமெல்லாம் மிதந்துகொண்டிருந்தன. அந்த நோய் வருவதென்றால் ஆள் குளத்தைச் சுற்றினாலும் வரும், சுற்றாவிட்டாலும் வரும். ஆனால் இவ்வளவு பெரிய இழப்புக்கு யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும் அல்லவா? பண்ணை முதலாளியான ஹாஜியார் என்னிடம் பதிவைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். முந்திய வாரத்தில் ஏழாம் குளத்தில் பல சுற்றுகள் இல்லை. ஒருநாள் நாலில் ஒன்றுதான் இருந்தது.

ஏழாம் குளத்தைப் பார்த்தவர் எத்தாளை என்ற கரையோர ஊர்க்காரர். முன்னர் கடலுக்குப் போனவர். என்னைவிடச் சில வயது இளையவர், என்னை அண்ணன் முறையில் நானா என்பார், அதிகம் கதைக்காதவர். எதிரில் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது பெருமை என்று நினைத்து எனக்கு அவரில் ஒரு கடுப்பு இருந்தது. ஹாஜியார் அவரைக் கூப்பிட்டுப் பதிவைக் காட்டியபோது நானும் நின்றேன். எத்தாளைக்காரர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஒவ்வொரு சுத்தும் போனன் நானா. பொத்தான அமத்தினன். மெஷின்ல ஏன் இல்லண்டு எனக்கு என்னண்டு தெரியும்?”

மெஷினுக்கு உங்களோடு என்ன கோபம் என்று கேட்டேன். அது பொய் சொல்லாது என்றும் சொன்னேன். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

வேலை போவது மட்டும் என்றால் அவர் வேறு பண்ணைக்குப் போயிருப்பார். இந்தக் கரையில் அது நடக்காது. குளம் பார்க்கிற ஆளை யாரும் கடிதம் பார்த்து எடுப்பதில்லை, வாய்ச்சொல்லில்தான் எடுப்பார்கள். இறால் சாகும்வரை பார்க்காமல் விட்டவர் என்று ஒருதடவை பேர் போய்விட்டால் முந்தல் வரைக்கும் ஒரு பண்ணையும் கேற்றைத் திறக்காது. நோயையும் காலில் ஒட்டிக்கொண்டு வருவார் என்று பயப்படுவார்கள். கடலுக்குத் திரும்பலாம் என்றால் படகை விற்றுவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

ஹாஜியார் கெட்டவர் இல்லை. மனத்தில் பிசகு இருந்தால் தூக்கம் வராத மனிதர். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்று சொல்லி மற்றவர் இன்னொன்று சொன்னால் பள்ளிவாசலில் குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அது சரியில்லை என்று மௌலவி ஒவ்வொரு தடவையும் சொல்வார், யாரும் விடுவதில்லை. ஹாஜியாரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒருவரை மட்டும் சொல்லவில்லை.

“வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பிறகு ரெண்டு பேரும் வாங்க. அவர் சுத்தினன் எண்டு சத்தியம் பண்ணட்டும். நீங்க, மெஷின் ஒண்டயும் விடல்ல எண்டு பண்ணுங்க.”

எத்தாளைக்காரர் உடனே தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. என்னையும் ஒரு கள்ளனைப்போல நிறுத்துகிறாரே என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பாண் ரொட்டியைப் பிட்டுக் கறியில் தொட்டபோதுதான் ஆத்திரம் இறங்கிப் பயம் ஏறியது. ஒன்றையும் விடவில்லை என்று அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தேனா? மெஷின் தன் குறைகளைத் தனியாக ஒரு கோப்பில் எழுதிவைக்கும். மாதக்கணக்காக அதைத் திறக்கவில்லை. பம்பு வீட்டிலிருந்து அவன் போனபிறகு அந்த அறையில் நான் வேலை செய்யவில்லை, வெறுமனே இருந்தேன். அதுதான் உண்மை.

வியாழக்கிழமை காலையில் கோப்பைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஒரே செய்தி: எழுத்துகள் நிரம்பி வழிந்துவிட்டன, இன்ன லைனில் இத்தனை எழுத்து தொலைந்தது. நாலாம் குளம், ஏழாம் குளம், பத்தாம் குளம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மெஷின் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

ஏழாம் குளத்துக்குப் போய், எத்தாளைக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பொத்தானை இருபது தடவை அமத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் பதிவில் பதிமூன்றுதான் இருந்தது. ஒரு வரியில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் முழு வரியையும் எறிந்துவிடச் சொல்லி நிரல் எழுதியவனும் நான்தான். ஒட்சிசன் கணக்கு நிமிஷத்துக்கு ஒருதடவை வருவதால் ஒன்று போனாலும் அடுத்தது வரும், யாருக்கும் தெரியாது. ஒரு மனிதன் சுற்றி வந்ததை ஒருதடவைதான் சொல்வான். மற்றக் குளங்களிலும் சுற்றுகள் குறைந்திருந்தன. அங்கே இறால் சாகாததால் யாரும் தேடவில்லை.

கார்டு பழையது, சரி. ஆனாலும் பன்னிரண்டு பெட்டிகள் அனுப்புகிற எழுத்துகளுக்கு இந்தச் சுமை வராது. வேறு யாரோ மெஷினைப் பிடித்து உலுக்குகிறார்கள். எந்த லைனில் எவ்வளவு எழுத்து வருகிறது என்று பார்த்தேன். பம்பு வீட்டு லைனில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆள் இல்லாத அறையிலிருந்து எழுத்து வருகிறது. மெஷினுக்குள் வரத் தவறியவர்களின் பட்டியலைத் திறந்தேன். பம்பு வீட்டு லைனில் ஆயிரக்கணக்கான தடவை ஒருவர் உள்ளே வரப் பார்த்திருக்கிறார். அவர் கொடுத்த பேர், மெஷின் எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியின் துண்டு.

அப்போதுதான் விளங்கியது. ஆள் வரக்கூடிய லைனில் மெஷின் முதலில் யார் என்று கேட்கும். போகிற கம்பியும் வருகிற கம்பியும் ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. முனையில் ஒரு டெர்மினல் இருக்கும்வரை அது கம்பியைப் பிடித்து அமைதியாக வைத்திருக்கும். முனை வெறுமையாகத் தொங்கினால் போகிற எழுத்து வருகிற கம்பியில் கசிந்து திரும்பி வரும். மெஷின் தன் கேள்வியையே யாரோ சொன்ன பேர் என்று எடுத்துக்கொள்ளும். டிரைவருக்கு வந்த எழுத்தைத் திருப்பி அனுப்பிக் காட்டுகிற வழக்கம் உண்டு, அதுவும் கசிந்து திரும்பும். பிறகு கடவுச்சொல் கேட்கும், பிழை என்று சொல்லும், மறுபடி யார் என்று கேட்கும். மாதக்கணக்காக ஒரு வெறும் சுவரிடம் அது கேட்டுக்கொண்டிருந்தது. எழுத்துக்கு ஒருதடவை டிரைவர் அங்கே ஓடினார். அவனுக்காக நான் கூட்டிவைத்த வேகத்தில் ஓடினார். அந்த நேரத்தில் ஏழாம் குளத்து மனிதர் பொத்தானை அமத்தினார்.

பட்டியலைத் திறந்து ‘ஒன்’ என்பதை ‘ஓஃப்’ ஆக்கினேன். அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை. சுமை இறங்கிவிட்டது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எத்தாளைக்காரர் துவைத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். என்னால் சத்தியம் செய்ய முடியாது, மெஷின் விட்டிருக்கிறது என்றேன். ஏழாம் குளத்தை மட்டுமல்ல, எல்லாக் குளத்தையும் விட்டிருக்கிறது, அவர் சொன்னது முழுக்க உண்மை என்றேன். ஹாஜியார் நீண்ட மூச்சு விட்டார். பழைய கார்டுதானே காரணம், இறக்குமதி இல்லாத காலத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்காக அவரே வழி எடுத்துக் கொடுத்தார்.

ஓம், அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான். எத்தாளைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியைச் சொன்னால் நாளைக்கு, பாவம் பார்த்துக் கம்ப்யூட்டர்காரர் அவரைக் காப்பாற்றிவிட்டார் என்று ஒரு கதை கிளம்பும். அவருடைய பேரும் பாதிதான் திரும்பி வரும். கார்டு மட்டும் இல்லை, மூடவேண்டிய ஒரு லைனை நான் மூடவில்லை என்றேன். பம்பு வீட்டு லைன் என்றேன். ஏன் மூடவில்லை என்று ஹாஜியார் கேட்டார்.

“அவன் போயிட்டான் எண்டு மெஷினுக்குச் சொல்ல எனக்கு மனம் வரல்ல, ஹாஜியார்.”

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஹாஜியார் தரையைப் பார்த்தார். பிறகு எத்தாளைக்காரரின் கையைப் பிடித்து, எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேட்டார். எத்தாளைக்காரர் எந்தச் சத்தியமும் செய்யவேண்டி வரவில்லை. நானும் கையை நீட்டினேன். பிடித்தார், உடனே விட்டுவிட்டார்.

ஏழாம் குளத்தைக் காயவைத்துப் புதுக் குஞ்சு விட்டபின், முதல் நாள் காலைச் சுற்று முடிந்ததும் எத்தாளைக்காரர் என் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என் வரி வந்திருக்கிறதா என்று கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன். தன் இலக்கத்தையும் நேரத்தையும் வாசித்துவிட்டுப் போனார். இரண்டாம் சுற்றுக்கும் வந்தார். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வந்தார். அடுத்த நாளும் அப்படியே. ஒரு நாளைக்கு நாலு தடவை ஒரு மனிதர் என்னை நம்பாமல் அணைக்கட்டு நீளத்துக்கு நடந்து வந்தார்.

முதலில் உறுத்தியது. பிறகு பழகியது. சில வாரங்களில் நிலைப்படியில் சாய்ந்து நிற்கத் தொடங்கினார். மழை வரும்போல் இருக்கிறது என்பார். மகனுக்கு வண்டி ஓட்ட லைசன் கிடைத்ததைச் சொன்னார். அவருடைய வரி திரையில் விழுந்ததும் நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இறக்குமதி திறந்து புதுக் கார்டு வந்தது, போட்டேன். ஒரு எழுத்தும் தொலையவில்லை. அவர் அப்போதும் வந்தார்.

போன மாதம் ஒருநாள் முதல் சுற்றின் வரி விழுந்தது, அவர் வரவில்லை. இரண்டாவது வரியும் விழுந்தது. காய்ச்சலோ என்று பார்த்தால், ஆள் குளத்தில்தான் நிற்கிறார், பொத்தானும் அமத்துகிறார். மூன்றாவதுக்கும் வராதபோது எழும்பி அணைக்கட்டில் நடந்து ஏழாம் குளத்துக்குப் போனேன். தீன் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு பதறினார்.

“ஏன் நானா, என்ட வரி வரல்லயா?”

“வந்துட்டு,” என்றேன். “நீங்கதான் வரல்ல.”

அவர் தட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இனி எதற்கு வரவேண்டும், எல்லாம் சரியாகத்தானே வேலை செய்கிறது, உங்களில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார். அதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அவர் என்னை முழுக்க மன்னித்துவிட்டார். திரும்பி அறைக்கு நடந்தபோது, இந்த மனிதர் இன்னும் கொஞ்சக் காலம் என்னை நம்பாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே போனேன்.